கைதட்டல் விழும் இடம்

ஜூலை 8

இந்த டைரி போன மாதம் விருதுநகரில் ஒரு வணிகர் சங்க விழாவில் கொடுத்தது. பட்டிமன்றம் பேசப் போனால் பணம் தவிர ஒரு சால்வையும், டைரியோ சுவர்க்கடிகாரமோ ஒன்றும் கொடுப்பார்கள். கடிகாரம் வீட்டில் எல்லா அறையிலும் ஓடுகிறது, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல். சால்வை பீரோ நிறைந்து, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி நிறைந்து, இப்போது டிவிக்கும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் போர்த்தியிருக்கிறேன். எங்கள் கிரைண்டர் அளவுக்கு மரியாதை வாங்கிய கிரைண்டர் திருமங்கலத்தில் வேறு இருக்காது.

டைரியில் பேச்சுக்குக் குறிப்பு எழுதுவதோடு சரி. இன்று எழுத வேறு விஷயம் இருக்கிறது. அவர் வந்துவிட்டார்.

காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் பையோடு வாசலில் நிற்கிறார். வழக்கமாக டிக்கெட் எடுத்த அன்றே போன் வரும். மகள் துர்காவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு போன், டில்லி வந்ததும் ஒரு போன், மதுரையில் இறங்கியதும் ஒரு போன் என்று ஊரையே எழுப்பிவிட்டுத்தான் வருவார்.

"என்னங்க, ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"லீவு கிடைச்சுச்சு. வந்துட்டேன்."

உடம்பு பெருத்திருக்கிறது. முகம் ஊதியிருக்கிறது. "சாப்பாடு நல்லாப் போடுறாங்க போல" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஹவில்தாரு வந்துட்டாகளா?" என்றார். அவருடைய கணவர் சுப்புராஜ் அண்ணன் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அங்கிருந்தே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். இவரும் வைத்தார். தெருவே பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலை 11

சனிக்கிழமை. அலமாரியில் மாத்திரை டப்பா ஒன்று. சத்து மாத்திரை என்றுதான் சொல்லியிருந்தார். நான் வெறும் தமிழாசிரியைதான், ஆனாலும் மாத்திரைப் பெயரைப் போனில் தட்டிப் பார்க்கத் தெரியும். பார்த்தேன். துர்கா டியூஷனுக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

"இது மனசுக்குக் குடுக்குற மாத்திரையில்ல?"

"ஆமா."

அதற்குப் பிறகு மேலதிகாரிக்கு ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னார். "பிப்ரவரில ஆஸ்பத்திரில சேத்தாங்க. டிரெய்னிங்னு உன்கிட்டச் சொன்னேன்ல, அப்ப அங்கதான் இருந்தேன். வெளிய வந்ததும் இவனுக்குத் துப்பாக்கி குடுக்கக்கூடாதுன்னு எழுதிட்டாங்க. லங்கர்ல காய் வெட்டிக்கிட்டிருந்தேன். இப்ப சிக் லீவு. ஆகஸ்ட் பதினெட்டு மறுபடி காட்டணும். டாக்டரம்மா உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வீட்டுல எப்படி இருக்கேன்னு நீதான் சொல்லணுமாம்."

லங்கர் என்றால் அவர்களுடைய சமையல்கூடம். பதினாறு வருஷம் துப்பாக்கி பிடித்த மனிதர் கத்தரிக்காய் வெட்டியிருக்கிறார்.

நான் முதலில் கேட்டது என்ன என்பதை எழுதவே கை கூசுகிறது. "யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரியாது."

"தெரிய வேணாம். வருஷ லீவுன்னே இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்கு வருவது பற்றிக் கேட்டார். ஆடி, ஆவணி மாதம், கோயில் நிகழ்ச்சி வரிசையாக இருக்கிறது, பார்க்கலாம் என்றேன்.

என் பேச்சில் ஒரு வரி உண்டு. எந்தத் தலைப்பாக இருந்தாலும் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். "நீங்கள் இங்கே நிம்மதியாக உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கிறீர்கள். அதற்காக என் கணவர் எல்லையில் நிற்கிறார்." அடுத்த வரி கேட்காத அளவுக்குக் கைதட்டுவார்கள். பிப்ரவரியிலிருந்து எத்தனை மேடையில் அதைச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 14

பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாதிதான் திருத்த முடிந்தது. அவர் பகல் முழுக்க உட்கார்ந்து பெட்டியில் கிடந்த சால்வைகளை மடித்து வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே அளவுச் சதுரம், ஓரத்தோடு ஓரம் ஒட்டி. பீரோவில் இவ்வளவு இடம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 15

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி மடித்தார்.

ஜூலை 19

டிவியிலிருந்து போன். சுதந்திர தினச் சிறப்புப் பட்டிமன்றம். "இளைஞர்கள் நல்வழிப்படக் கட்டாய ராணுவ சேவை தேவையா, தேவையில்லையா?" நடுவர் புலவர் அருளானந்தம் ஐயா. தேவை என்கிற அணிக்கு நான் தலைமை.

பத்து வருஷமாக உள்ளூர்க் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். டிவியில் பேசியது கிடையாது. என்னுடன் பேச ஆரம்பித்த இரண்டு பேர் இப்போது சிங்கப்பூருக்குப் போய்ப் பேசுகிறார்கள். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பையன் கேட்டான், "உங்க சார் ராணுவத்துலதான இருக்காங்க மேடம்? லீவுல இருந்தா முன் வரிசைல உக்கார வச்சுருவோம். யூனிஃபார்ம்ல வந்தா நல்லா இருக்கும்."

வருவார் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அவரிடம் கேட்டேன். நான் கேட்டபோது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லிட்டேல்ல" என்றார்.

ஜூலை 23

பேச்சு எழுதி முடித்தேன். கைதட்டல் விழும் இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்வது என் வழக்கம். அங்கே மூச்சு விட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஓடினால் கைதட்ட வந்தவன்கூட அடக்கிக்கொள்வான்.

சுப்புராஜ் அண்ணனையும் சேர்த்திருக்கிறேன். தினமும் விடியும் முன்னே எழுந்து ஸ்கூட்டரைத் தேய்த்துக் கழுவுகிறார். மழை பெய்கிற நாளிலும் கழுவுகிறார். "ஓய்வு பெற்றாலும் ஓயாதது ராணுவ ஒழுக்கம். நம் பிள்ளைகள் எட்டு மணிக்குப் போர்வையோடு போர் நடத்துகிறார்கள்." நட்சத்திரம்.

ஆனால் உருக்கமாக ஒரு சம்பவம் வேண்டும். அவரிடம் கேட்டேன். "என்னங்க, அங்க என்னதான் நடந்துச்சு? எதனால இப்படி ஆச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"கூட இருந்தவங்க யாருக்காவது எதுவும்..."

"இல்ல மலரு. எல்லையில அந்த மலை மேல எத்தனையோ நாளு காவல் நின்னேன், ஒண்ணுமே நடக்கல. நடந்துரும், நடந்துரும்னு பாத்துக்கிட்டே நிக்கணும். ரெண்டு மணி நேரம் நின்னுட்டுக் கீழ வந்தாலும் பாத்துக்கிட்டே இருப்பேன். அது நிக்கல. இப்பவும் நிக்கல."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை மேடையில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, அப்படி யோசித்ததை நினைத்துக் கூசி எழுந்து போய்ச் சாம்பாருக்குப் பருப்பு போட்டேன்.

ஜூலை 28

யூனிஃபார்ம் போட முடியாது என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "பர்மிஷன் இல்லாம அதப் போட்டுக்கிட்டு டிவில உக்காரக் கூடாது. அதுவும் இல்லாம, இப்ப அதப் போடுறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு." சரி, வெள்ளைச் சட்டை, நீலக் கோட்டு. கோட்டில் பொத்தான் பூட்டவில்லை. தையல்காரரிடம் கொடுத்து இடுப்பை விட்டுத் தைத்து வாங்கினேன்.

பகலில் உட்கார்ந்தபடியே கண் செருகிவிடுகிறது அவருக்கு. கேமரா முன்னால் தூங்கி வழிந்தால் என்ன ஆவது. காலை மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நிறுத்திப் பார்க்கலாமே என்றேன். டாக்டர் நிறுத்தக்கூடாது என்றாராம். "ஒரு அஞ்சாறு நாளுதானங்க" என்றேன்.

இவ்வளவு செய்கிறவள் ஊருக்காகத்தான் செய்கிறேனா, எனக்காகவா என்று யோசிக்க நேரமில்லை. ஜாக்கெட் வேறு தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

மதுரையில் பதிவு முடிந்தது. எங்கள் அணி ஜெயித்தது. நல்ல தலைவலி.

ஆகஸ்ட் 3

பள்ளியில் எல்லோரும் கேட்டார்கள். நன்றாகப் போனது என்றேன். நன்றாகத்தான் போனது. என் வரியைச் சொன்னதும் மண்டபமே எழுந்து நின்றது. "எல்லையில் நிற்கும் அந்த வீரர் இன்று இந்த அரங்கத்தில் அமர்ந்திருக்கிறார்" என்று கை காட்டினேன். கேமரா அவர் பக்கம் திரும்பியது. அருளானந்தம் ஐயா இறங்கி வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினார்.

வரும் வழியில் பேருந்தில் துர்கா என்னிடம் பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 5

அன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். மேடையில் பேசியதை எல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

நடுவர் மைக்கை அவர் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க தம்பி. எல்லாப் பயலுகளையும் பட்டாளத்துக்குக் கூப்பிடலாமா?" என்றார். இது ஏற்பாட்டில் இல்லை. நான் மேடையிலிருந்து கண்ணைக் காட்டினேன், ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரும்படி. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கூப்பிடலாங்கய்யா" என்றார். "எல்லா வீட்டுலருந்தும் ஒருத்தன் வரட்டும். வந்துட்டுத் திரும்பிப் போகட்டும். அப்பத்தான் எல்லா வீட்டுலயும் தெரியும். இப்ப நான் ராத்திரி தூங்காம உக்காந்திருந்தா வீட்டுல ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. வெளிய சொல்லாதன்றாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு அப்படி உக்காந்திருந்தான்னா யாரும் யாரையும் மறைக்க வேண்டியதில்லல்ல."

மண்டபம் கப்பென்று அடங்கியது. பின்னால் எங்கோ ஒருவர் பாதிச் சிரிப்பு சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத சிரிப்பு. பத்து வருஷ மேடைப் பழக்கம், அந்தப் பாதிச் சிரிப்பைக் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"நடுவர் அவர்களே, அவர் தூங்காததற்குக் காரணம் எல்லை இல்லை, நான்தான். எதிரி வந்தால் நெஞ்சைக் காட்டுகிற மனிதர், என் நாக்குக்குப் பயந்து வீட்டில் விடிய விடியக் காவல் நிற்கிறார்."

கூரை பறந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரணிக்காரர்கள்கூட மேசையைத் தட்டினார்கள். அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்த்திய சால்வையோடு உட்கார்ந்தார். எல்லோரும் சிரிப்பதால் அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சால்வையைச் சதுரமாக மடித்து மற்றவற்றோடு வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வெட்கமாக இருக்கிறது. எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

ஆகஸ்ட் 10

விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டார்கள். முழு நிகழ்ச்சியிலும் அவர்களுக்குப் பிடித்தது அந்த ஒரு துண்டுதான். அவர் தூங்கவில்லை என்று சொல்வது, நான் நாக்கு என்று சொல்வது, சிரிப்பு. நடுவில் அவர் சொன்ன எதையும் காணவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

டீக்கடையில் ஒருத்தர், "என்ன ஹவில்தாரே, நைட் ட்யூட்டி எப்படி?" என்று கேட்டாராம். துர்கா வந்து சொன்னாள். "அப்பா சிரிச்சுட்டு டீயைக் குடிக்காம வந்துட்டாரும்மா." அதிலிருந்து அவர் வாசலுக்குப் போவதில்லை. பால் எடுக்கவும் போவதில்லை.

ஆகஸ்ட் 12

இன்று காலை முகத்தை வழித்து, தலைக்குக் குளித்து, உற்சாகமாக இருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பு மேடைப் பக்கம் வந்து நின்றார்.

"மலரு, நீ ஆஸ்பத்திரிக்கு வர வேணாம். நான் யோசிச்சுட்டேன். டாக்டரம்மாகிட்ட நல்லாத் தூங்குறேன், எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லிருவேன். அவங்களும் எழுதிக் குடுத்துருவாங்க. துப்பாக்கியத் திரும்ப வாங்கிக்கிட்டு மேல போயிருவேன்."

"சரியாப் போச்சாங்க?"

"இல்ல. ஆனா அப்ப நீ மேடையில சொல்றது பொய்யா இருக்காதுல்ல."

தோசை கருகிவிட்டது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலை மாத்திரை மட்டுமல்ல, எதையுமே அவர் எடுக்கவில்லை. "ஏங்க, திரும்பப் போட ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன். "நீதான நிறுத்தச் சொன்ன. திரும்பப் போடச் சொல்லலையே" என்றார்.

பதினாறு வருஷமாக உத்தரவுக்கு நடந்த மனிதரிடம் நான் ஒரு உத்தரவு போட்டுவிட்டு ஜாக்கெட் தைக்கப் போயிருக்கிறேன். தூக்கமில்லாமல், மருந்தில்லாமல், கையில் துப்பாக்கியோடு அந்த மலை மேல் அவர் நிற்பதை நினைத்துக்கொண்டே டப்பாவில் மிஞ்சிய மாத்திரைகளை எண்ணினேன். அந்தத் துப்பாக்கியை அவர்கள் எதற்காக வாங்கி வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது. எனக்கு ஒரு வரி மிஞ்சுவதற்காக அவர் அதைத் திரும்பக் கேட்கப் போகிறார்.

டாக்டரம்மாவின் நம்பருக்குப் போன் செய்து மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டேன். ஏன் விட்டது என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 13

டிவி பையனிடம் அந்தத் துண்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "அதுதான் மேடம் ஹைலைட்டே" என்றான். கோயம்புத்தூரில் இதே தலைப்புக்கு என்னைக் கேட்டிருக்கிறார்களாம். வரவில்லை என்றேன். "வேணும்னா எதிரணியில பேசுறீங்களா?" என்றான். அவனைச் சொல்லி என்ன. நானும் எத்தனையோ தடவை அணி மாறிப் பேசியவள்தான்.

ஆகஸ்ட் 15

காலையில் பள்ளியில் கொடியேற்றிவிட்டு ஓடி வந்தேன். பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. போன மாதமே நான்தான் தெருவை வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருந்தேன். வேண்டாம் என்று இப்போது எப்படிச் சொல்வது. கேசரி கிளறினேன். பாண்டியம்மாள் அக்கா, சுப்புராஜ் அண்ணன், எதிர் வீட்டுக்காரர்கள், அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். டிவி மேலிருந்த சால்வையை அவர்தான் எடுத்து மடித்தார்.

அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். என் புடவை எடுப்பாக இருந்தது. சுப்புராஜ் அண்ணன் வண்டி கழுவுகிற இடம் வந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாண்டியம்மாள் அக்காவும் தட்டினார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. டிவியில் அவர் எழுந்து மைக்கை வாங்குகிறார். விளம்பரத்தில் வெட்டியதை இதில் வெட்டவில்லை. முழுவதும் சொல்கிறார். அதற்குப் பிறகு என் குரல். வீட்டிலும் சிரிப்பு. எதிர் வீட்டுக்காரர் இவர் தொடையில் தட்டி, "மாட்டிக்கிட்டயேப்பா" என்றார். இவர் சிரித்தார். துர்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். டிவியில் என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அது சிரிக்கிறதுக்காகச் சொன்னதில்ல" என்றேன். "அவருக்கு நெசமாவே தூக்கம் இல்ல. மனசு சரியில்லாம வைத்தியம் பாக்குறாரு. இது வருஷ லீவும் இல்ல, சிக் லீவு. துப்பாக்கியும் இப்ப அவருகிட்ட இல்ல. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் வாயைக் கட்டி வச்சேன். அதையும் மீறி அவரு நாலு பேர் முன்னாடி சொன்னாரு. நான் கிண்டலாக்கிட்டேன். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி போறோம்."

எதிர் வீட்டுக்காரர் கையைத் தொடையிலிருந்து எடுத்துக்கொண்டார். இவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலரு, கேசரி ஆறுது" என்றார். "எல்லாத்துக்கும் குடு."

கொடுத்தேன். பாதிப் பேர் சாப்பிட்டார்கள். "எல்லாம் சரியாயிரும்" என்று விருந்தாளி சொன்னார். சுப்புராஜ் அண்ணன் முதல் ஆளாக எழுந்து, தட்டைத் தொடாமலே போய்விட்டார். சுபேதார் அல்லவா, ராணுவத்தின் மானத்தைத் தெருவில் போட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

எல்லோரும் போன பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாக்கியம் வாக்கியமாக மனதில் அமைத்துப் பார்த்தேன். எல்லாம் பேச்சு மாதிரியே வந்தது. கடைசியில், "தப்புங்க" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நெசமாவே வர்றியா ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 16

விடியும் முன்னே பக்கத்து வீட்டில் வழக்கமான சத்தம், வாளியும் தண்ணீரும். எழுந்து பார்த்தால் இவர் படுக்கையில் இல்லை. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சுப்புராஜ் அண்ணன் ஸ்கூட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இவர் கீழே குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைக்கிறார். கையில் இருந்தது புலவர் அருளானந்தம் ஐயா போர்த்திய பொன்னாடை. வண்டி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமான வண்டியை இருவரும் மெனக்கெட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

காபி போடும்போது பாண்டியம்மாள் அக்கா பின்வாசல் வழியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பென்சன் வாங்கி வந்ததுலருந்து இந்தக் கூத்துதான் மலரு. படுத்தா எந்திரிச்சு உக்காந்துருவாக. உக்காந்தா வாசலப் பாத்துக்கிட்டே இருப்பாக. வண்டியக் கழுவுனாத்தான் கொஞ்சம் அடங்கும். கேக்குறவுகளுக்கு மிலிட்டரிப் பழக்கம்னு சொல்லி வச்சிருக்கேன். நேத்து டிவில நீ ஒழுக்கம்னு சொன்னதுக்கு எல்லாரும் கைதட்டுனாகல்ல, நானும்தான் தட்டுனேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

காபியை ஆற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"நேத்து வீட்டுக்கு வந்து ஒரு பருக்கை சாப்பிடல. 'அந்தப் பய கொடுத்து வச்சவன், அவன் பொண்டாட்டி சொல்லிட்டா'ன்னாக. எனக்குச் சுருக்குன்னுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த டாக்டரம்மா பென்சன்காரவுகளையும் பாப்பாகளான்னு கேட்டுட்டு வா."

வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நானும் பேசினேன், அவரும் பேசினார். நான் பேசியது ஜெயிப்பதற்கு. அவர் பேசியது, தன்னைப் போல் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் வேண்டும் என்று. அந்த இன்னொரு வீடு ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அதையும் நான் கைதட்டல் வாங்கப் பயன்படுத்தியிருக்கிறேன்.

துர்கா என்னோடு பேசினாள். நாளை ரயிலுக்குப் புளிசாதமா தயிர்சாதமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 18

ராணுவ ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மலையாளி, மேஜர், என்னைவிடச் சின்னவர். தமிழ் நன்றாகவே பேசுகிறார். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும்.

ரயிலில் நான் எதுவும் எழுதவில்லை. எழுதினால் நட்சத்திரம் போட்டுவிடுவேனோ என்று பயம்.

"சொல்லுங்க. வீட்டில எப்படி இருக்கார்?"

"மேடம், ஒரு ராணுவ வீரரின் மனைவி என்கிற முறையில்..." என்று ஆரம்பித்தேன். என் மேடைக் குரல் எனக்கே கேட்டது. நிறுத்தினேன். பக்கத்தில் இவர் என்னைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஆரம்பித்தேன்.

"சால்வைகளை மடிக்கிறார். மடிச்சதைப் பிரிச்சு மறுபடி மடிக்கிறார்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பழக்க தோஷம், ஒரு வாக்கியம் சொன்னதும் வாய் தானாக நின்று காத்திருந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"ம், சொல்லு" என்றார் இவர், பக்கத்து நாற்காலியிலிருந்து.

"யாராவது கேலி பண்ணா சிரிக்கிறார். அப்புறம் வெளிய போறதில்ல." நின்றேன்.

"சொல்லு."

"சரியாகிட்டதா உங்ககிட்டச் சொல்லிட்டுத் துப்பாக்கிய வாங்கிக்கிறேன்னார். குடுத்துராதீங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பதினாறு வருஷத்தை நான் ஒரு வாக்கியத்தில் பறித்துக் கொடுக்கிறேன். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலி அசையவில்லை.

"மாத்திரைய யார் நிறுத்தினது?" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்டது அவரைப் பார்த்து.

"நான்தான் மறந்துட்டேன் மேடம்" என்றார் அவர். உடனே சொல்லிவிட்டார். என்னைக் காப்பாற்றிவிட்டார். நான் சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லங்க மேடம்" என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. இத்தனை மேடை கண்ட நாக்கு, ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அவர் மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான்.

"சொல்லு மலரு" என்றார்.

சொன்னேன்.